எடைக்கல் எது?

அப்பாவுக்கு 72 வயது. திருப்பத்தூரில் 38 வருடம் மளிகைக் கடை நடத்தியவர். இந்தத் தை மாதம், அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, அவரை ஜவ்வாது மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆலங்காயம் தாண்டி மலைப்பாதை ஏறி, காவலூருக்குக் கொஞ்சம் முன்னால், அறுவடை முடிந்த ஒரு சாமைக் காட்டு ஓரமாக வண்டியை நிறுத்தினோம். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிற மலை அது. சுற்றிலும் வெளிச்சம் குறைவு. ஏழரை மணிக்கே குளிர் காதைப் பிடித்தது. அப்பா மஃப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாயில் மல்லாந்து படுத்தார்.

பைனாகுலரைக் கையில் கொடுத்து வழி சொன்னேன். வடமேற்கே உயரத்தில் மிராக் என்று செம்மஞ்சளாக ஒரு நட்சத்திரம். அதிலிருந்து ஒரு பக்கம் போனால் ஆண்ட்ரோமீடா கேலக்ஸி. எதிர்ப்பக்கம் ஏறக்குறைய அதே தூரம் போனால் எம்33 என்ற இன்னொரு கேலக்ஸி. முதலாவதை இருட்டான இடத்தில் வெறும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இரண்டாவது அப்படிப் பிடிபடாது. அதன் வெளிச்சம் பரந்து கிடப்பதால் நேராகப் பார்த்தால் நழுவும். பார்வையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால்தான் மெல்ல எழுந்து வரும். அப்பா ஐந்து நிமிடம் பொறுமையாகத் தேடினார்.

"கண்ணாடியில வாயால ஊதின மாதிரி ஒண்ணு தெரியுதும்மா. அதா?"

"அதேதாம்ப்பா. 27 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி கிளம்பின வெளிச்சம். அதுக்குள்ள ஒரு கருந்துளையைக் கண்டுபிடிச்சு, எடையும் போட்டிருக்காங்க."

பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

"எடை போட்டாங்கன்னா, எடைக்கல்லு எது?"

பள்ளிப் பிள்ளைகளிடமும் நண்பர்களிடமும் கருந்துளை பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். உள்ளே விழுந்தால் என்ன ஆகும், பூமியை விழுங்கிவிடுமா என்றுதான் கேட்பார்கள். எடைக்கல்லைக் கேட்டவர் அப்பா ஒருவர்தான். இந்தத் துறையின் அறுபது வருட வரலாறும் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும் என்று அன்று இரவு தோன்றியது. அவருக்கு அங்கே சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் கடையிலிருந்த இரும்பு எடைக்கற்களைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு குழி இருக்கும். குழியில் ஈயம் ஊற்றி அடைத்து, அதன்மேல் முத்திரை குத்தியிருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கற்களையெல்லாம் கோணிப்பையில் போட்டு சைக்கிள் கேரியரில் கட்டி முத்திரை போடும் இடத்துக்கு அப்பா கொண்டுபோவார். சின்ன வயதில் நானும் கூடப் போயிருக்கிறேன். அங்கே மூலக்கல்லோடு வைத்துப் பார்த்து, கல் தேய்ந்திருந்தால் ஈயத்தைக் கூட்டி, சரியானதும் புதுச் சுத்தியல் அடி ஒன்று விழும். மங்கலான பழைய முத்திரைகளுக்குப் பக்கத்தில் பளபளவென்று புதியது. "தராசு பொய் சொல்லாதும்மா, கல்லுதான் தேயும்" என்பார் அப்பா. கருந்துளை ஆராய்ச்சியாளர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கியத்தை நான் படித்ததில்லை.

முதலில், ஏன் எடை போட வேண்டும்? ஒளியே விடாத பொருளுக்கு வேறு அடையாளம் கிடையாது என்பதால். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தின் மையம் சுருங்கும்போது மூன்று முடிவுகள் உண்டு. சூரியனைப்போல் 1.4 மடங்கு வரைக்கும் வெண்குள்ளன் தாங்கும். அதற்கு மேல் நியூட்ரான் நட்சத்திரம். அதுவும் சூரியனைப்போல் இரண்டு, இரண்டரை மடங்குக்கு மேல் தாங்காது. மூன்று மடங்கைத் தாண்டிவிட்டால் அதைத் தாங்கிப் பிடிக்க நமக்குத் தெரிந்த எந்த விசையும் இல்லை. ஆகவே ஓரிடத்தில் கண்ணுக்குத் தெரியாத, மிகச் சிறிய, மூன்று சூரிய எடைக்கு மேற்பட்ட ஒரு பொருள் இருக்கிறது என்று நிறுவிவிட்டால், அது கருந்துளை. கண்டுபிடிப்பது என்றால் இங்கே நிறுத்துப் பார்ப்பதுதான்.

அந்த 1.4 என்ற எண்ணுக்கு வழி திறந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930 ஜூலை 31ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போகும் வழியில், 19 வயதில், வெண்குள்ளனுக்கு ஓர் எடை எல்லை உண்டு என்ற முடிவுக்கு வந்தார். 1983இல் நோபல் பரிசு வந்தது. 1999 ஜூலை 23ஆம் தேதி விண்ணுக்குப் போன எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு அவர் பெயரைச் சுருக்கி 'சந்திரா' என்று வைத்தார்கள். எம்33இல் இருக்கிற அந்தக் கருந்துளையின் கதையில் இந்தச் சந்திரா ஒரு முக்கியப் பாத்திரம்.

கருந்துளை தனியாக இருந்தால் அதைத் தேடுவது ஏறத்தாழ முடியாத காரியம். ஆனால் பெரிய நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஜோடியாகவே பிறக்கின்றன. ஒன்று முதலில் சரிந்து கருந்துளையாகிவிட்டால் மற்றது அதைச் சுற்றிக்கொண்டிருக்கும். நெருக்கமான ஜோடி என்றால் நட்சத்திரத்திலிருந்து வீசும் வாயு கருந்துளையை நோக்கிச் சுழன்று இறங்கும். இறங்கும்போது கோடிக்கணக்கான டிகிரி சூடேறி எக்ஸ் கதிரை உமிழும். அந்த எக்ஸ் கதிர் ஒரு தகவல்தான்: இங்கே ஏதோ இருக்கிறது, வந்து பார். எடை அதில் இல்லை. எடைக்கு அந்தத் துணை நட்சத்திரத்தைத்தான் நாட வேண்டும். அதன் ஒளியை வண்ணங்களாகப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலையில் இருக்கும் கறுப்புக் கோடுகள், அது நம்மை நோக்கி வரும்போது நீலப் பக்கமும் விலகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். எத்தனை நாளுக்கு ஒரு சுற்று, எவ்வளவு வேகம் என்ற இரண்டும் கிடைத்துவிட்டால், மற்ற தட்டில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பொருள் எவ்வளவு இழுக்கிறது என்று கணக்குப் போடலாம். தராசின் ஒரு தட்டில் நட்சத்திரம், மறு தட்டில் இருட்டு.

1971இல் நம் பால்வெளியிலேயே சிக்னஸ் எக்ஸ்-1ஐ இப்படித்தான் நிறுத்தார்கள். இங்கிலாந்தில் லூயிஸ் வெப்ஸ்டரும் பால் மர்டினும், கனடாவில் டாம் போல்டனும், தனித்தனியாக. ஒரு சுற்றுக்கு 5.6 நாள். நம் கேலக்ஸிக்கு வெளியே முதல் வலுவான சான்று 1983இல் வந்தது. பெரிய மெகல்லன் மேகத்தில் இருக்கும் எல்எம்சி எக்ஸ்-3, 1.7 நாளுக்கு ஒருமுறை சுற்றும் ஜோடி என்று ஆன் கௌலியும் குழுவினரும் காட்டினார்கள். அந்த மேகம் 1,60,000 ஒளியாண்டு தொலைவு. கன்னியாகுமரியில் தை மாத இரவு ஒன்பதரை மணி வாக்கில், நிலவில்லாத நாளில், தெற்கே கடலுக்கு மேல் கைமுட்டி ஒன்றுக்குச் சற்று மேலான உயரத்தில் அது வந்து நிற்கும். நம் நாட்டு வடகோடியில் இருப்பவர்களுக்கு எழவே எழாத கேலக்ஸி அது. தென்கோடியில் பிறந்ததற்கு வானம் கொடுத்த சலுகையாகவே இதை நினைக்கிறேன்.

இப்போது எம்33 எக்ஸ்-7. அப்பாவிடம் நான் சொன்ன கருந்துளை இதுதான்.

அது எக்ஸ் கதிர் மூலம் என்பது 1980களின் தொடக்கத்திலேயே தெரியும். ஆனால் அந்தக் காலத்துக் கருவிகளுக்கு எம்33இன் நெரிசலான சுருள்கையில் எந்த நட்சத்திரத்தோடு அதைச் சேர்ப்பது என்று பிரித்துச் சொல்லும் கூர்மை இல்லை. சந்திரா வந்த பிறகுதான் அந்தப் புள்ளி இன்ன நட்சத்திரம் என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. இன்னொன்றும் உறுதியாகத் தெரிந்தது. 3.45 நாளுக்கு ஒருமுறை அந்த எக்ஸ் கதிர் அணைகிறது. சுமார் அரை நாள் அணைந்தே கிடக்கிறது. பிறகு எரிகிறது. துணை நட்சத்திரம் குறுக்கே வந்து கருந்துளையை மறைக்கிறது. கிரகணம்.

இந்தக் கிரகணத்தின் மதிப்பைப் புரிந்துகொள்ள ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். நட்சத்திரத்தின் வேகம் என்று நாம் அளப்பது நம் பக்கம் வருவதும் போவதுமான பகுதியை மட்டும்தான். சுற்றுப்பாதை நமக்குச் சாய்ந்திருந்தால் உண்மை வேகத்தில் ஒரு பங்குதான் நமக்குத் தெரியும். எவ்வளவு சாய்வு என்று தெரியாமல் எடை சொல்வது, தராசு முள்ளைப் பக்கவாட்டில் நின்று படிப்பது போல. ஆனால் கிரகணம் நடக்கிறது என்றால், பாதையை நாம் ஏறக்குறைய விளிம்பு வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். அணைந்திருக்கும் நேரத்தின் நீளத்தை வைத்து அது எத்தனை டிகிரி என்றே சொல்லிவிடலாம். பால்வெளியில் நன்றாக அறியப்பட்ட கருந்துளை ஜோடிகளுக்குக்கூட இந்த வாய்ப்பு அமையவில்லை. 27 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பதற்கு அமைந்தது.

ஹவாய்த் தீவின் மௌனா கேயா உச்சியில் இருக்கும் ஜெமினி நார்த் தொலைநோக்கியால் நிறமாலை எடுத்தார்கள். நட்சத்திரம் நொடிக்கு 100 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் முன்னும் பின்னும் ஆடுவது தெரிந்தது. சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் ஓரோஸ் தலைமையிலான குழு 2007 அக்டோபரில் முடிவை வெளியிட்டது: கருந்துளை 15.65 சூரிய எடை, துணை நட்சத்திரம் 70 சூரிய எடை. ஒரு நட்சத்திரம் சரிந்து உண்டான கருந்துளைகளில் அதுவரை துல்லியமாக நிறுத்தவற்றிலேயே கனமானது.

தூரத்து கேலக்ஸியில் தேடுவதற்கு இன்னொரு வசதியும் உண்டு. முதலில் படித்தபோது எனக்கு இது தலைகீழாகப் பட்டது. எம்33இல் இருக்கும் நட்சத்திரங்கள் எல்லாமே நமக்கு ஏறத்தாழ ஒரே தூரம். கேலக்ஸியின் தூரம் தெரிந்துவிட்டால் உள்ளே இருக்கும் எல்லாவற்றின் தூரமும் தெரிந்த மாதிரி. பக்கத்தில் இருப்பவற்றுக்கு ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். சிக்னஸ் எக்ஸ்-1க்கு 2011இல் சுமார் 6,000 ஒளியாண்டு என்று அளந்து, 15 சூரிய எடை என்றார்கள். 2021இல் தூரம் 7,200 ஒளியாண்டு என்று திருத்தினார்கள். எடையும் 21க்கு ஏறியது. கருந்துளை அப்படியேதான் இருந்தது. நட்சத்திரம் நினைத்ததைவிடத் தொலைவில் இருந்தால் நினைத்ததைவிடப் பெரியதும் பிரகாசமானதும் ஆகிறது. கல்லின் எடை மாறினால் சரக்கின் எடையும் மாறத்தானே வேண்டும்.

எம்33 எக்ஸ்-7க்கும் அது நடந்தது. அந்த 70 சூரிய எடைக் கல் நிஜமாகவே 70தானா? 2022இல் வர்ஷா ராமச்சந்திரன் தலைமையிலான குழு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் புறஊதா நிறமாலையையும் சேர்த்துக்கொண்டு, நட்சத்திரத்தின் மேற்பரப்பையும் அதிலிருந்து வீசும் காற்றையும் சுற்றின் வெவ்வேறு கட்டங்களில் ஆராய்ந்தது. நட்சத்திரம் 38 சூரிய எடைதான் என்று வந்தது. ஏறக்குறைய பாதி. கல் லேசானால் அதை அதே அளவு ஆட்டுவதற்கு லேசான பொருளே போதும். கருந்துளை 11.4 சூரிய எடைக்கு இறங்கியது.

இதை மலையில் சொன்னபோது அப்பா உடனே, "மறுமுத்திரை போட்டிருக்காங்க, அவ்ளோதானே" என்றார். ஆமாம், அவ்வளவுதான். 2007இல் செய்தவர்கள் ஏமாற்றவில்லை. கையில் இருந்த கல்லால் நேர்மையாக நிறுத்து, பிழைக்கான இடத்தையும் எழுதி வைத்தார்கள். 15 வருடம் கழித்து இன்னொருவர் கல்லைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு எடைக்கும் அது கருந்துளைதான், மூன்றைத் தாண்டியாயிற்று. அந்த அடிப்படையில் மாற்றமில்லை.

எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. காசியோப்பியா கூட்டத்துக்குப் பின்னால் ஐசி 10 என்று ஒரு சிறு கேலக்ஸி. அதில் ஐசி 10 எக்ஸ்-1. துணை நட்சத்திரம் உல்ஃப்-ராயெட் வகை: மேலடுக்கையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டு உள்சதை தெரிய நிற்கும், கடுமையாகக் காற்று வீசும் நட்சத்திரம். 35 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. 2007, 2008இல் அதன் நிறமாலையை அளந்தவர்கள் குறைந்தது 23 சூரிய எடை, 33 வரைகூட இருக்கலாம் என்றார்கள். நட்சத்திரக் கருந்துளைகளில் அதுதான் மிகப் பெரியது என்று பட்டம் கட்டப்பட்டது.

2015இல் சைலஸ் லேகாக்கும் உடன் ஆய்வாளர்களும் இரண்டு கடிகாரங்களை ஒப்பிட்டார்கள். ஒன்று எக்ஸ் கதிர் கிரகணம் நடக்கும் நேரம். மற்றது நிறமாலைக் கோடு நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறும் நேரம். நட்சத்திரம் நேர் குறுக்கே வந்து மறைக்கும் அந்தக் கணத்தில் அது நம்மை நோக்கியும் வராது, விலகியும் போகாது, பக்கவாட்டில்தான் நகர்ந்துகொண்டிருக்கும். கோட்டின் வேகம் அப்போது நடுவில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. கால் சுற்று தள்ளிப்போயிருந்தது. அப்படியானால் அந்தக் கோடு நட்சத்திரத்தின் உடம்பிலிருந்து வரவில்லை. அது காற்றிலிருந்து வருகிறது. எக்ஸ் கதிர் அடிக்கும் பக்கத்தில் காற்று முழுக்க மின்னணுக்களை இழந்து கோடு காட்டாமல் போகிறது. நட்சத்திரத்தின் நிழலில் ஒதுங்கிய காற்று மட்டுமே கோட்டை உண்டாக்குகிறது. ஜோடி சுற்றும்போது அந்த நிழல்காற்றும் சுற்றுகிறது, அதன் வேகத்தைத்தான் அவர்கள் அளந்திருக்கிறார்கள். கல் ஆடுகிறது என்று நினைத்தார்கள். ஆடியது கல்லைச் சுற்றியிருந்த துணி. கல்லின் ஆட்டம் தெரியாதவரை எடை இல்லை. கருந்துளையாக இல்லாமல் நியூட்ரான் நட்சத்திரமாகவேகூட இருக்கலாம் என்ற நிலைக்கு அந்தப் பட்டக்காரர் வந்து சேர்ந்தார். 60 லட்சம் ஒளியாண்டில், என்ஜிசி 300 கேலக்ஸியில் 2010இல் கண்டுபிடித்த இதே மாதிரியான ஜோடிக்கும் இந்தச் சந்தேகம் தொற்றியது.

இந்த ஆய்வுக் கட்டுரை எனக்கு மிகவும் பிடிக்கும். புதிதாக ஒரு கருந்துளையும் அதில் கிடைக்கவில்லை. ஏற்கெனவே கையில் இருந்த ஒன்றைக் கீழே வைத்திருக்கிறார்கள். அதைச் செய்ய ஒரு கண்டுபிடிப்புக்கு வேண்டிய அதே உழைப்பு வேண்டியிருந்தது.

இன்னும் தொலைவுக்குப் போகப் போக நட்சத்திரத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவே முடியாது. நிறமாலை இல்லை, ஆட்டம் இல்லை, கல் இல்லை. அங்கே பிரகாசத்தை வைத்து மதிப்பிடும் பழக்கம் ரொம்ப நாள் இருந்தது. ஒரு பொருள் அளவுக்கு மீறி வெளிச்சம் விட்டால் அந்த வெளிச்சத்தின் அழுத்தமே உள்ளே விழ வரும் வாயுவைத் தள்ளிவிடும். ஆகவே எடை அதிகம் இருந்தால்தான் அதிகம் ஒளிர முடியும் என்பது கணக்கு. 2014இல் அந்தக் கணக்கு பெரிதாக அடிவாங்கியது. 1.2 கோடி ஒளியாண்டில் எம்82 கேலக்ஸியில், கனமான கருந்துளைதான் என்று பலரும் நம்பியிருந்த மிகப் பிரகாசமான எக்ஸ் கதிர் மூலம் ஒன்றை நூஸ்டார் விண்கலம் கூர்ந்து கவனித்தபோது, அது 1.37 நொடிக்கு ஒருமுறை துடித்தது. அப்படித் துடிப்பதற்கு ஒரு மேற்பரப்பு வேண்டும். கருந்துளைக்கு அது இல்லை. அங்கே இருந்தது வெறும் நியூட்ரான் நட்சத்திரம், கணக்குச் சொன்ன எல்லையைப்போல் பல மடங்கு ஒளிர்ந்துகொண்டு. பெரிய மூட்டை என்பதால் கனமாகத்தான் இருக்கும் என்று நினைப்பது எந்தக் கடையிலும் நடக்கிற தவறு. பொரி மூட்டை பெரிதாகத்தான் இருக்கும்.

அடுத்து, 2015 செப்டம்பர் 14. நம் நேரப்படி திங்கட்கிழமை பிற்பகல் 3 மணி 20 நிமிடம் 45 நொடி. அமெரிக்காவில் லிவிங்ஸ்டனிலும் ஹான்ஃபோர்டிலும் இருக்கும், வெளியையே அதிரவைக்கும் ஈர்ப்பு அலைகளைப் பிடிப்பதற்கான இரண்டு லைகோ கருவிகள், 7 மில்லிநொடி இடைவெளியில், ஒரே மாதிரி சிலிர்த்தன. 4 கிலோமீட்டர் நீளமுள்ள கைகள் ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு நீண்டு சுருங்கின. நொடிக்கு 35 அதிர்வில் தொடங்கி 250 வரை ஏறி, ஐந்தில் ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 36, 29 சூரிய எடையுள்ள இரண்டு கருந்துளைகள் சுற்றிச் சுற்றி நெருங்கி ஒன்றாகி 62 சூரிய எடையில் நின்றன. மிச்சம் மூன்று சூரியன் ஈர்ப்பு அலையாகக் கரைந்து போனது. தொலைவு சுமார் 130 கோடி ஒளியாண்டு.

இந்தத் தராசுக்கு எடைக்கல்லே வேண்டாம். சுருதி ஏறும் வேகமே எடையைச் சொல்லிவிடும். கனமான ஜோடி தாழ்ந்த சுருதியிலேயே முடிந்துவிடும். லேசான ஜோடி நீண்ட நேரம் ஏறிக்கொண்டே போகும். துணை நட்சத்திரத்தின் காற்று இல்லை, நிழல் இல்லை, ஏமாற்றும் கோடு இல்லை. தூரம் மட்டும் இங்கேயும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரபஞ்சம் விரிவதால் அலை நீண்டு, சுருதி தாழ்ந்து வருகிறது. அதைத் திருத்தாவிட்டால் எடை கூடுதலாகக் காட்டும். இந்த முதல் நிகழ்வுக்கு அந்தத் திருத்தம் 9 சதவீதம்.

ஆனால் முகவரி இல்லை. அந்த அலை வந்த திசை வானத்தில் சுமார் 600 சதுர டிகிரிக்குள் எங்கோ என்றுதான் முதலில் சொல்ல முடிந்தது. முழுநிலவை 3,000 தடவை பரப்பி வைக்கும் இடம். அதற்குள் எத்தனையோ ஆயிரம் கேலக்ஸிகள். இரண்டு கருந்துளைகள் சேரும்போது வெளிச்சம் ஏதும் வருவதில்லை என்பதால் தொலைநோக்கியைத் திருப்பித் தேடவும் வழியில்லை. இப்போது இப்படிப்பட்ட நிகழ்வுகள் 300ஐத் தாண்டிவிட்டன. அத்தனைக்கும் எடைச் சீட்டு இருக்கிறது. ஊர் பெயர் எழுதிய சீட்டு அவற்றில் இல்லை.

எம்33 எக்ஸ்-7க்கோ ஊர் தெரியும், தெரு தெரியும், எந்த நட்சத்திரத்தின் வீட்டில் குடியிருக்கிறது என்றும் தெரியும். எடையில்தான் தகராறு. எடை உறுதியானால் முகவரி இல்லை, முகவரி உறுதியானால் எடை ஆடுகிறது. தூரத்துக் கருந்துளைகளைப் பற்றி நமக்குத் தெரிந்தது இன்றைக்கு இந்த இரண்டு பேரேடுகளில் பிரிந்து கிடக்கிறது. இரண்டும் ஒரே சரக்கைப் பற்றியதுதானா என்பதே இன்னும் பேச்சில் இருக்கிறது. எக்ஸ் கதிரில் கண்டவை பெரும்பாலும் 20 சூரிய எடைக்குள் நிற்க, ஈர்ப்பு அலையில் கேட்டவற்றில் 30, 40, அதற்கு மேலும் தாராளமாக இருக்கின்றன. ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் குறைந்த கேலக்ஸிகளில் நட்சத்திரக் காற்று பலவீனமாக இருக்கும். நட்சத்திரம் அதிகம் இளைக்காமல் சரியும். கருந்துளை கனமாக இருக்கும் என்பது ஒரு விளக்கம். அதைச் சரிபார்க்க இந்தக் கருந்துளை இன்ன கேலக்ஸியில் இருந்தது என்று தெரிய வேண்டும். முகவரிக்காக நான் இத்தனை ஏங்குவது அதனால்தான். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ-இந்தியாவுக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அமெரிக்காவிலிருந்து இவ்வளவு விலகி ஒரு காது கிடைத்தால், அலை வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து அந்த வானப் பரப்பு வெகுவாகச் சுருங்கும்.

ஒன்றை விட்டுவிட மனமில்லை. 2022 ஜூலையில் பெரிய மெகல்லன் மேகத்தின் டரான்டுலா நெபுலா என்ற வாயுத் திரளில் விஎஃப்டிஎஸ் 243 என்ற ஜோடியை டோமர் ஷெனாரும் குழுவும் அறிவித்தார்கள். அந்தக் குழுவில் பலர், மற்றவர்கள் அறிவித்த கருந்துளைகளை ஆராய்ந்து "இது கருந்துளை இல்லை" என்று திருப்பி அனுப்பியே பெயர் வாங்கியவர்கள். கருந்துளைப் போலீஸ் என்றே அவர்களைச் சொல்வதுண்டு. அவர்களே ஒன்றைக் கொண்டுவந்து வைத்தபோது துறை நிமிர்ந்து உட்கார்ந்தது. சிலி நாட்டுத் தொலைநோக்கியில் ஆறு வருடம் எடுத்த நிறமாலைகள். 25 சூரிய எடையுள்ள நட்சத்திரம் 10.4 நாளுக்கு ஒருமுறை எதையோ சுற்றுகிறது. அந்த 'எதோ' குறைந்தது 9 சூரிய எடை. எக்ஸ் கதிர் கிடையாது. வாயு விழவில்லை, சத்தமில்லை, வெளிச்சமில்லை. ஆட்டம் மட்டும்தான். சுற்றுப்பாதை ஏறக்குறைய முழு வட்டம் என்பது அதைவிட வியப்பு. நட்சத்திரம் வெடித்துச் சிதறியிருந்தால் அந்த உதையில் பாதை நீள்வட்டமாக இழுபட்டிருக்கும். இது பெரிய வெடிப்பு எதுவும் இல்லாமல், உள்ளுக்குள் சரிந்து, விளக்கு அணைவது போல் அணைந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த துணைக்குத் தெரிந்திருந்தால்கூட வெளிச்சம் குறைந்ததாகத்தான் தெரிந்திருக்கும். இந்த ஜோடியைப் பற்றி முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மலையில் இவ்வளவையும் சொல்லவில்லை. எடைக்கல் அந்தத் துணை நட்சத்திரம் என்றும், அதை இரண்டு முறை நிறுத்தார்கள் என்றும், நிழல்காற்று ஒருமுறை ஏமாற்றியது என்றும் சொன்னேன். அப்பா இடையிடையே "ம்" கொட்டினார். ஒன்பது மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்தது. மிராக் மங்கியது. பாயைச் சுருட்டும்போது கேட்டார்:

"ஏம்மா, இப்பவும் அது ரெண்டும் சுத்திக்கிட்டுதான் இருக்குமா?"

அந்த மாதிரிக் கனமான நட்சத்திரத்துக்கு மொத்த ஆயுளே ஐம்பது லட்சம் வருடம் வாக்கில்தான் என்றேன். நாம் பார்க்கிற வெளிச்சம் புறப்பட்டு 27 லட்சம் வருடம் ஆகிறது. புறப்படும்போதே அது பாதி வயதைத் தாண்டியிருந்தது.

"அப்போ கல்லும் போயிருக்கும்" என்றார்.

பைனாகுலரின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை வேட்டி நுனியால் துடைக்கப் போனவர், நான் தடுக்குமுன் தானே நிறுத்திக்கொண்டு, உறையோடு என்னிடம் நீட்டினார். ஆலங்காயம் வரும்வரை முன்சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு, குளிரைப் பொருட்படுத்தாமல், மேலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.